அர்த்தனாரி ஒரு வார்த்தை சொல்லணும்

வக்கீலுக்குக் கட்சிக்காரன் மேல் கோபம் வருவது புதிதல்ல. ஆனால் வெளியே வாய்யா என்று கூப்பிட்டும் ஜெயிலைவிட்டு வரமாட்டேன் என்கிறவன் மேல் கோபப்பட்டு, சேந்தமங்கலத்திலிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொல்லிமலை ஏறிய வக்கீல் சசிகுமார் ஒருவராகத்தான் இருப்பார். காரவள்ளி அடிவாரத்தில் இருந்த கோபம் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கொஞ்சம் கூடியது. சோளக்காட்டில் வண்டியை நிறுத்தி டீ குடித்தும் ஆறவில்லை. திண்ணனூர் நாட்டு மண் பாதையில் வண்டிச் சங்கிலி கழன்று, கையெல்லாம் கிரீஸ் ஆனதும் அது முழுக் கோபமாகிவிட்டது. இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், ஆனி மாதம். பாதை நெடுக பலாப்பழ வாசம் வேறு. கோபமாக இருக்கிற மனுஷனுக்கு அதுகூட எரிச்சலாக இருந்தது.

நெல்லிவளவு சின்ன ஊர். சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற கொஞ்சம் வீடுகள், கீழே படிப்படியாக இறங்கும் வயல்கள், மேலே சாமையும் ராகியும் விதைக்கிற காடு. அம்சவேணி எங்கே என்று கேட்டதற்கு, வீட்டைக் காட்டாமல் எல்லோரும் ஒரு மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டைக் காட்டினார்கள். அங்கே போனால் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒருத்தி களை கொத்திக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். பிடித்த வரிசையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"ஏனுங்கக்கா, குழந்தைசாமி சம்சாரம் நீங்கதானுங்களா? நா அவரோட வக்கீலு. இலவச சட்ட உதவியில என்னைப் போட்டிருக்காங்க."

"அவருக்கு ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?" அவள் கையிலிருந்த களைக்கொத்து தானாகக் கீழே இறங்கியது.

"ஒடம்பு கல்லாட்டம் இருக்குது. மனசுதான் சரியில்ல. வக்காலத்துல கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. அது இல்லாம நா ஹைகோர்ட்டுல அப்பீல் போட முடியாது. நல்லபடியா சொன்னேன், அதட்டிச் சொன்னேன். ஜெயில் ஆபீசரும் சொன்னாரு. சாமி கும்புடற மாரி கையக் கட்டிட்டு நிக்கறாரு."

"சித்த ஒக்காருங்க சாமி," என்று அவள் ஒரு பாறையைக் காட்டினாள். சுரைக்குடுவையிலிருந்து தண்ணீர் ஊற்றி அவர் கையைக் கழுவவைத்தாள். கிரீஸ் போகவில்லை. பாறை ஓரத்து மண்ணை அள்ளித் தேய்க்கச் சொன்னாள். போயிற்று. "இப்பச் சொல்லுங்க. எனக்குப் புரியற மாரிச் சொல்லுங்க."

சசிகுமார் சொன்னார். கோபக்காரர்தானே தவிர, சொல்லுவது தெளிவாகத்தான் சொல்லுவார். அடிவாரத்து விவசாயி வீட்டுப் பிள்ளை.

"தீர்ப்பு வாரதுக்கு முந்தியே உங்க ஊட்டுக்காரரு ஒரு வருசத்துக்கு மேல உள்ள இருந்தாரில்லீங்களா? ஜாமீன் நிக்க ஆளில்லாம?"

"ஆமாங்க."

"தீர்ப்பு மூணு வருசம். முன்னாடி இருந்த நாள அந்த மூணு வருசத்துல கழிக்கோணும். சட்டம் அப்பிடித்தான். ஆனா உங்களுக்கு ரெண்டு கேசு. வெட்டுன கேசு ஒண்ணு. ஊட்டுல லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி இருந்த கேசு ஒண்ணு. முன்னாடி இருந்த நாளையெல்லாம் துப்பாக்கி கேசுல கழிச்சுட்டாங்க. ஒரு தடவ கழிச்சாச்சு, இன்னொரு தடவ கழிக்கமாட்டோம்னுட்டாங்க. அன்னைக்கு அதுதான் முறை. இப்ப டெல்லிக் கோர்ட்டு சொல்லியிருச்சு. ஒரே நேரத்துல ரெண்டு கேசுக்கும் உள்ள இருந்தா, ரெண்டுலயும் கழிக்கலாம்னு."

அம்சவேணி யோசித்தாள். "ஒரே மழ எங்க காட்டுலயும் பேயுது, பக்கத்துக் காட்டுலயும் பேயுது. அந்த மாரிங்களா?"

"அப்பிடியே வெச்சுக்கங்க. கழிச்சாங்கன்னா அவரு தண்டனை முடிஞ்ச மாரி. ரெண்டு மூணு மாசத்துல ஊட்டுக்கு வந்துருவாரு. கழிக்கலீன்னா இன்னும் ஒரு வருசம் கெடக்கோணும். தள்ளிப் போடப் போட லாபமில்ல. கேசு முடியறதுக்குள்ள தண்டனையே முடிஞ்சு போயிரும்."

ஊட்டுக்கு வந்துருவாரு என்றதும் அவள் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, வக்கீலுக்கு நெஞ்சடைப்பே வருகிற மாதிரி ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா என்னங்க சொன்னாரு?"

"எந்த மாமா?"

"அர்த்தனாரி மாமா. வெட்டுப்பட்டவரு. அவரு ஒரு வார்த்த சொல்லோணுமில்லீங்க. அவரு சொல்லாம எப்பிடிக் கழிப்பீங்க?"

சசிகுமார் தலையில் கைவைத்துக்கொண்டார். "உங்க ஊட்டுக்காரரும் இதே வார்த்தையத்தான் சொன்னாருங்க."

நெல்லிவளவு வழக்கத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வக்கீலைப் போலத்தான் நீங்களும் தவிப்பீர்கள்.

ஒருத்தன் இன்னொருத்தனை ஊனப்படுத்திவிட்டால், தண்டனை முடிகிறவரை அடித்தவன் வீட்டார் அடிபட்டவன் காட்டில் வேலை செய்து கொடுக்க வேண்டும். அந்த வீட்டோடு ஊரில் யாரும் வேலை மாற்று வைத்துக்கொள்ளக் கூடாது. ஏர் தரக் கூடாது, ஆள் தரக் கூடாது. இரண்டு வீட்டுக்கும் நேருக்கு நேர் பேச்சும் கிடையாது. தண்டனையைக் குறைக்க ஊருக்கே அதிகாரமில்லை. அடிபட்டவன் வாய் திறந்து, போதும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சட்டம். எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த சட்டத்தைவிட இதை மீறுகிறவர்கள் குறைவு.

குழந்தைசாமியும் அர்த்தனாரியும் பங்காளிகள். சித்தப்பா மகன், பெரியப்பா மகன். இரண்டு பேர் காட்டுக்கும் நடுவில் பொழி வரப்பில் ஒரு சில்வர் ஓக் மரம். அதில் ஏறியிருந்த மிளகுக்கொடி யாருடையது என்று ஒரு மாசி மாதம் பேச்சு வந்தது. பேச்சு வந்தபோது குழந்தைசாமி குடித்திருந்தான். கொடியே இருக்க வேண்டாம், வெட்டிப்போடுகிறேன் என்று கொடுவாளை ஓங்கினான். கொடியைக் காப்பாற்ற அர்த்தனாரி வலது கையை நீட்டினார். மணிக்கட்டில் நரம்பெல்லாம் போயிற்று. கை இருக்கிறது, பிடிக்காது. போலீஸ் வந்து வீட்டைச் சோதித்தபோது காட்டுப்பன்றிக்கென்று கூரையில் சொருகி வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியும் கிடைத்தது. அப்படித்தான் இரண்டு கேசு.

ஆஸ்பத்திரியிலிருந்து அர்த்தனாரி திரும்பின மறுநாளே அம்சவேணி கொத்தை எடுத்துக்கொண்டு அவர் காட்டில் இறங்கிவிட்டாள். அப்போது தீர்ப்பு வரவில்லை, ஊரும் சொல்லவில்லை. அவளாகத்தான் போனாள். தீர்ப்பு வந்த அன்றைக்குத்தான் ஊர் கூடி, இன்றையிலிருந்து மூன்று வருஷம் என்றது. அதுவரை அவள் செய்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. எனக்கு இதில் வருத்தம்தான். ஊரில் ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

சசிகுமார் விடுகிற ஆளில்லை. நேரே ஊர்க்கவுண்டர் மாதேஸ்வரன் வீட்டுக்குப் போனார். அவர் வாசலில் பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தார். கையில் எண்ணெய், தாடியில் பலாப்பிசின்.

"ஏனுங்க, சட்டத்துல அர்த்தனாரிக்கு ஒரு வேலையும் இல்லீங்க," என்றார் வக்கீல். "இது கோர்ட்டுக்கும் ஜெயிலுக்கும் நடுவுல."

"இருக்கட்டுமுங்க. சொளை எடுத்துக்கங்க."

"நீங்க சொன்னா அந்தாளு கையெழுத்துப் போடுவாரு."

"நா சொல்லப்படாதுங்களே. அடிபட்டது என்ற கையில்லீங்களே." இரண்டு சுளையை வாழையிலையில் வைத்து நீட்டினார். "நீங்க கோவிச்சுக்காதீங்க. ரூம்புக்குள்ள போட்டுப் பூட்டறது உங்க கோர்ட்டு. தொறந்து விட்டா அவன் போய் நிக்கப்போறது இந்த ஊருல. நாளைக்கு அர்த்தனாரி மூஞ்சியில முழிக்கறது அவந்தானுங்களே? அதான் பயப்படறான். அம்சவேணி கேக்கட்டும். கேக்கறதுக்கு வழக்கத்துல தடையில்ல."

"பேசவே கூடாதுன்னு சொல்றீங்க, எப்பிடிக் கேக்கறது?"

ஊர்க்கவுண்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "அதெல்லாம் கேப்பா. சாப்புடுங்க."

சசிகுமார் சாப்பிட்டார். நல்ல பழம். போகும்போது அம்சவேணியிடம், ஒரு வாரத்தில் ஜெயிலில் ஆளைப் பார்க்க விடுகிற மனு நாள் வருகிறது, அதற்குள் உங்கள் மாமா என்ன சொன்னாலும் சேலம் ஜெயிலுக்கு வந்து புருஷனிடம் சொல்லிவிடுங்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

பேச்சு இல்லையே தவிர அந்த இரண்டு வீடும் பேசாமல் இருந்ததில்லை. அர்த்தனாரி வீட்டில் காரி என்று ஒரு கன்று இருந்தது, கிடேரியாக வளர்ந்த பிறகும் அவர்களுக்கு அது கன்றுதான். எல்லாப் பேச்சும் அதன் வழியாகத்தான். அர்த்தனாரியின் மனைவி பெருமாயி நல்ல வாய்க்காரி, மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டிருக்க அவளால் ஆகுமா? அம்சவேணி மத்தியானம் களைத்து வந்தால் பெருமாயி கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டே ஆரம்பிப்பாள்.

"ஏண்டி காரி, களி கிண்டி வெச்சிருக்கறேன், மொச்சக்கொட்டக் கொழம்பு இருக்குது. சிலபேரு வெறும் தண்ணியக் குடிச்சுட்டுக் கொத்தறாங்க. கிறுகிறுன்னு வந்து உழுந்தா யாரு தூக்கறது? உனக்கு வயசாயிருச்சா எனக்கு வயசாயிருச்சா?"

அம்சவேணியும் கன்றைப் பார்த்துத்தான் சொல்லுவாள். "காரி, அக்காகிட்டச் சொல்லு. கொழம்புல உப்புப் பத்தல."

"சொல்றா பாரு. வாரவ உப்பு எடுத்துட்டு வரச் சொல்லு, காரி."

ஓரகத்திகள் இரண்டு பேரும் இப்படியே சண்டை போட்டு, சமாதானமாகி, ஹாஸ்டலில் படிக்கிற அம்சவேணி மகள் யமுனா பெரியவளான சேதியைக்கூடக் கன்றிடம்தான் சொல்லிக்கொண்டார்கள். அன்றைக்குப் பெருமாயி கன்றின் கழுத்தில் ஒரு புதுப் பாவாடைத் துணியைக் கட்டி, அம்சவேணி பக்கம் தள்ளிவிட்டாள்.

அர்த்தனாரி மட்டும் அதிகம் பேசமாட்டார். ஐம்பதைத் தாண்டிய ஆள். இடது கையால் மேழியைப் பிடித்து, வாய்க் குரலிலேயே மாட்டைத் திருப்பி அவரே ஏர் ஓட்டிவிடுவார். மற்ற வேலையெல்லாம் அம்சவேணி. காலையிலிருந்து மத்தியானம் தாண்டும்வரை அவர் காட்டில். பிறகுதான் தன் காடு.

வக்கீல் போன மறுநாள் சாரல் பிடித்துக்கொண்டது. வேலை நின்று மூன்று பேரும் கொட்டகையில் ஒதுங்கியிருந்தார்கள். கன்று நடுவில். அம்சவேணி வெகு நேரம் அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"காரி," என்றாள். "நேத்து வக்கீலு வந்தாரு. தீர்ப்புக்கு முன்னால அவரு உள்ள இருந்த நாளக் கழிச்சுத் தாராங்களாம். கழிச்சா வெளிய வந்தர்லாமாம். மாமா ஒரு வார்த்த சொன்னா அவரு கையெழுத்துப் போடுவாரு. சொல்லலீன்னாலும் குத்தமில்ல. அது மாமா பாடு."

பெருமாயி சட்டென்று புருஷனைப் பார்த்தாள். அர்த்தனாரி வெளியே மழையைப் பார்த்தபடியே இருந்தார். வலது கை மடியில் கிடந்தது. குளிருக்கு அது எப்போதும் வலிக்கும். இடது கையால் அதைத் தூக்கி ஒரு பக்கமாக வைத்துக்கொண்டார்.

"காரி," என்றார் கடைசியில். "என்ற கைக்கு எந்தக் கோர்ட்டு கழிச்சுக் குடுக்குதுன்னு கேட்டுச் சொல்லு."

அம்சவேணி எழுந்து சாரலிலேயே காட்டுக்குப் போய்விட்டாள். அவர் கேட்டது நியாயம்தான் என்று அவளுக்குத் தெரியும். அதுதான் கஷ்டம். அநியாயமாகக் கேட்டிருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

அன்றையிலிருந்து பெருமாயி கன்றிடமும் பேசவில்லை, புருஷனிடமும் பேசவில்லை. களியை முன்னால் வைத்தாள், தண்ணீரை வைத்தாள். பெருமாயி பேசாத வீட்டில் உட்காருவது கஷ்டம். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார் அர்த்தனாரி.

"என்னடி இப்ப? நா சொன்னது தப்பா?"

"தப்புன்னு நா சொன்னனா?"

"பின்ன என்ன?"

"ஒண்ணுமில்ல. உங்க கைக்கு உங்க தம்பி செயில்ல கெடக்கறான், சரி. அவ எதுக்குக் கெடக்கறா? அவளா வெட்டுனா?"

"வழக்கம் அது. நாம் போட்டதா?"

"நீங்க போடல. நீங்க சாப்புடறீங்க." பெருமாயி கும்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அவ காட்டப் போய்ப் பாத்துருக்கறீங்களா? இத்தன வருசத்துல ஒரு தடவ?"

பார்த்ததில்லை. வெட்டுப்பட்ட நாளிலிருந்து அர்த்தனாரி அந்தப் பொழிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மரத்தைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்காது. அன்று சாயங்காலம் மாட்டுக்குப் புல் பார்க்கிற மாதிரி நடந்தார். யாரும் கேட்காமலே, புல்லு இருக்குதான்னு பாக்கறேன் என்று எதிரில் வந்தவரிடம் சொன்னார்.

சில்வர் மரத்தில் மிளகுக்கொடி உச்சிவரை ஏறியிருந்தது. அவரும் பறிக்கவில்லை, அவளும் பறிக்கவில்லை. எத்தனையோ மாசிக்கு விளைந்த மிளகு பழுத்து உதிர்ந்து வேரடியில் மட்கிக் கிடந்தது. அந்தக் கொடிக்குத்தானே இத்தனையும் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைத் தாண்டிப் பார்த்தார்.

அம்சவேணி காட்டில் நின்றுகொண்டிருந்தாள். ஆடி விதைப்புக்கு மண்ணைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மண்வெட்டியால். ஏரோட்டாமல் மண்வெட்டியால் மட்டும் ஒரு காட்டைப் புரட்டுவது என்றால் என்னவென்று காட்டு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஓங்கி, குத்தி, இழுத்து, கட்டியை உடைத்து, ஓர் அடி நகர வேண்டும். மேல் பாதி முடிந்திருந்தது. கீழ்ப் பாதி அப்படியே கிடந்தது. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இப்படித்தான் செய்திருப்பாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரில் ஒருவரும் ஏர் தரக் கூடாது. அவருடைய ஜோடி மாடு மத்தியானத்துக்கு மேல் கொட்டகையில் சும்மா நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பாள். இருட்டு விழுகிறவரை அர்த்தனாரி மரத்துக்குப் பின்னால் நின்றார்.

மனு பார்க்கிற நாளில் அம்சவேணி சோளக்காட்டில் பஸ் ஏறினாள். மாமா சொன்னதை அப்படியே புருஷனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். ஒரு பலாப்பழத்தை வெட்டிச் சுளையெடுத்து ஒரு தூக்குப்போசியில் கொண்டுபோனாள். ஜெயிலில் உள்ளே விடுவார்களா தெரியாது. கொண்டுபோகாமலும் இருக்க முடியவில்லை. பஸ் கிளம்பும்போது முன்படியில் ஒருவர் இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார். வெள்ளை வேட்டி, துவைத்த சட்டை, தலையில் உருமால். அர்த்தனாரி.

அவர் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவள் பின்னால் பெண்கள் சீட்டில். கன்று இல்லாததால் இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப அவர் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடிக்கமுடியாமல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்தார். அம்சவேணிக்குப் பொறுக்கவில்லை.

"கண்டக்டர் சார், அந்தப் பெரியவர நடு சீட்டுல ஒக்கார வெய்யுங்க. அவருக்குக் கை சொகமில்ல."

கண்டக்டர் போய்ச் சொன்னார். அர்த்தனாரி நடு சீட்டுக்கு வந்தார். "கண்டக்டரு தம்பி, அந்தம்மாகிட்டச் சொல்லுங்க," என்றார் சாலையைப் பார்த்தபடி. "காலைல ஒண்ணும் திங்காம வந்துருக்கும். நாமக்கல்லுல பஸ் நிக்கறப்ப எறங்கி இட்லி திங்கச் சொல்லுங்க."

"நீங்க ஒரே ஊருதானுங்களே? நேராச் சொல்லக் கூடாதுங்களா?" என்றார் கண்டக்டர். நாமக்கல்லில் அவள் இட்லி தின்றாள். இன்னொரு பொட்டலம் வாங்கிக் கண்டக்டர் கையிலேயே கொடுத்தனுப்பினாள்.

சேலம் ஜெயில் வாசலில் சசிகுமார் நின்றிருந்தார். அர்த்தனாரி யாரென்று தெரிந்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது. சண்டை போட வந்திருக்கிறாரா, வாழ்த்த வந்திருக்கிறாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த முகத்தில் பெருமாயியாலேயே கண்டுபிடிக்க முடியாது.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் குழந்தைசாமி வந்தான். இளைத்திருந்தான், முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. உள்ளே சமையல் கூடத்தில் வேலை. வலைக்குப் பக்கத்தில் வந்து பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தான். அவளுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்ததும் சிரிப்பு போய், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

சுற்றிலும் ஒரே சத்தம். ஆளுக்கு ஆள் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அம்சா," என்றான் குழந்தைசாமி. அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். "அண்ணனுக்குக் கை வலிக்குதான்னு கேளு."

அவள் திரும்பி மாமா முகத்தைப் பார்த்தாள். அவர் அவளிடம் சொன்னார். "பனிக்கு வலிக்குதுன்னு சொல்லு."

"பனிக்கு வலிக்குதாமுங்க."

"நல்லெண்ணெய்ல பூண்டக் காய்ச்சித் தேய்க்கச் சொல்லு. இங்க ஒருத்தரு சொன்னாரு."

"அதெல்லாம் பெருமாயி தேய்ச்சுட்டுத்தான் இருக்கறான்னு சொல்லு."

வக்கீலுக்குப் பொறுக்கவில்லை. "பெரியவரே, நேரம் முடியப்போவுது. நீங்க..."

"நிறுத்துங்க தம்பி," என்றான் குழந்தைசாமி. அவன் கைகள் வலையைப் பிடித்துக்கொண்டிருந்தன. "அம்சா, அண்ணங்கிட்டச் சொல்லு. வக்கீலு பேச்சக் கேட்டு நீங்க வர வேண்டியதில்லீங்கண்ணான்னு சொல்லு. நாம் பண்ணுனது எனக்குத் தெரியும். முழுசும் இருந்துட்டே வாரேன். ஒரு வருசந்தான்."

அம்சவேணி அதைத் திருப்பிச் சொல்லவில்லை. ஒரு வருசந்தான் என்று அவன் சொன்னபோது அவளுடைய தோள் இரண்டும் இறங்கியதை அர்த்தனாரி பார்த்தார். மண்வெட்டியை ஓங்குகிற தோள்.

அவர் அவளைத் தாண்டி முன்னால் வந்தார். வலைக்கு மிக அருகில் வந்து நின்றார்.

"குழந்தச்சாமி."

நெல்லிவளவு வழக்கத்தில் அது பெரிய குற்றம். தண்டனை முடிகிறதற்கு முன்னால் நேருக்கு நேர் பேர் சொல்லிக் கூப்பிட்டது.

"அண்ணா."

"உன்னைய நா மன்னிக்கறதுக்கு வரலடா. அது எனக்கு வருமா வராதான்னு தெரியல. கை வலிக்கற அன்னைக்கு வராது." அர்த்தனாரி மூச்சு வாங்கிக்கொண்டார். அவர் வாழ்நாளில் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. "உன்ற நாள எப்பிடியோ எண்ணிக்கட்டும் இவங்க. எனக்கு அதப் பத்தித் தெரியாது. இவ நாளு எனக்குத் தெரியும். தீர்ப்பு வாரதுக்கு முந்தியே என்ற காட்டுல எறங்கிட்டா. ஊரு அதக் கழிக்கல. நாங் கழிக்கச் சொல்லியிருக்கோணும், சொல்லல. இருந்து சாப்புட்டுட்டேன். அத்தனைக்கும் மேல, உன்ற காட்ட மம்முட்டியில பொரட்டறாடா. ஒத்தப் பொம்பள. என்ற மாடு கொட்டாயில நின்னுட்டிருக்குது."

குழந்தைசாமி பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் இதை ஒரு நாளும் அவனிடம் சொன்னதில்லை. காடு எப்படி என்று கேட்கும்போதெல்லாம், நல்லாருக்குதுங்க என்பாள்.

"போதும்," என்றார் அர்த்தனாரி. "நாஞ் சொல்லிட்டேன். போதும். கையெழுத்துப் போட்டுட்டு வந்து சேரு."

குழந்தைசாமி வலையில் நெற்றியை வைத்து அழுதான். ஆண்பிள்ளை இப்படி அழலாமா என்று யாரும் சொல்லவில்லை, அங்கே அதைப் பார்க்காதவர்கள் இல்லை. சசிகுமாரும் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுதுகிறதா என்று கையிலேயே கிறுக்கிப் பார்த்துவிட்டு ஆபீஸ் பக்கம் ஓடினார். பலாச்சுளையை உள்ளே விடவில்லை. திரும்பும் பஸ்ஸில் தூக்கு நடு சீட்டில் இருந்தது. இரண்டு பேரும் எடுத்து எடுத்துத் தின்றார்கள். கண்டக்டருக்கும் கொடுத்தார்கள்.

ஊர் கூடியது. நேருக்கு நேர் பேசினதற்கு அர்த்தனாரிக்குத் தண்டனை போட வேண்டுமே என்று இரண்டு பேர் சொன்னார்கள். பேசினது மலைமேலயா, கீழயா என்று கேட்டார் மாதேஸ்வரன். கீழே என்றார்கள். கீழ நடந்தது நமக்கு எதுக்கு என்று எழுந்து போய்விட்டார்.

ஹைகோர்ட்டில் மனு போய், ஆவணி கடைசியில் உத்தரவு வந்தது. கழிக்கச் சொல்லிவிட்டார்கள். உத்தரவு ஜெயிலுக்கு வந்து சேரப் புரட்டாசி ஆனது. கடைசி பஸ்ஸில் குழந்தைசாமி வந்து இறங்கினான். சோளக்காட்டில் மழை. வரப்போகிற சேதி ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. ஆனால் யாரும் கூட்டம் போடவில்லை. ஜெயிலிலிருந்து வருகிறவன் முகத்தை முதல் நாளே உற்றுப் பார்ப்பது நல்லதில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அது வழக்கமில்லை, மரியாதை.

மறுநாள் விடிந்ததும் குழந்தைசாமி அண்ணன் வாசலில் போய் நின்றான். என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றான். அர்த்தனாரிக்கும் தெரியவில்லை. மாட்டை அவிழ்த்துக் கயிற்றை அவன் கையில் கொடுத்தார். கொள்ளு விதைக்க அம்சவேணி காட்டில் கீழ்ப் பாதியை உழ வேண்டியிருந்தது. இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக நடந்து போனார்கள்.

வெயில் நன்றாக ஏறியும் அம்சவேணி காட்டுக்கு வரவில்லை. சேலம் போகிற நாள் தவிர இத்தனை வருஷத்தில் அவள் வராத காலை ஒன்றுகூட இல்லை. பெருமாயி ஈரக் கையோடு ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். அம்சவேணி பாயில் சுருண்டு கிடந்தாள். பெருமாயி பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

"என்ன சாமி? காய்ச்சலா?"

"இல்லீங்கக்கா." அம்சவேணி கண்ணைத் திறக்கவில்லை. "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. எந்திரிக்கலாமுன்னு பாத்தேன். எந்திரிக்கத் தோணல."

"அவங்க ரெண்டு பேரும் உன்ற காட்ட உழுதுட்டிருக்கறாங்க கண்ணு."

"உழுவட்டுமுங்க."

பெருமாயிக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. போர்வையை இழுத்து அவள் கால்வரை மூடிவிட்டு, வெளிச்சம் முகத்தில் படாமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள். வழியில் வந்த ஒருத்தி, என்ன அம்சவேணியக் காணோம் என்று கேட்டாள்.

"தூங்கறா," என்றாள் பெருமாயி. "யாரும் எழுப்பப்படாது."